எதுக்கும் ஒருக்கா நனைச்சுப் பாப்பம்

காரியத்தைக் கெடுப்பவர்களில் "வேண்டாம்" என்று சொல்பவர்கள் ஆபத்தில்லாத பேர்வழிகள். தூரத்தில் கண்டதுமே பாதை மாறிப் போய்விடலாம். இங்கே சொல்ல வந்தது அவர்களைப் பற்றி அல்ல. "செய்யும் பிள்ளை, கட்டாயம் செய்யும், ஆனா எதுக்கும் ஒருக்கா..." என்று தொடங்கி, நம்முடைய காரியத்தின் தோளில் கையைப் போட்டு, அன்பாக நாலு வார்த்தை பேசி, அதை அப்படியே மூலையில் உட்கார வைத்துவிட்டுப் போகிற ஓர் இனம் இருக்கிறது. எதுக்கும்-ஒருக்கா இனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருக்கா என்றால் ஒரு தடவை. அவர்கள் கணக்கில் ஒரு தடவை என்பது நாலில் தொடங்குகிறது.

பதுளையில் இந்த இனம் செழிப்பாக இருக்கிறது. காலை ரயிலில் கொழும்புக்குப் போக வேண்டியவர் முதல் நாள் மாலையே ஸ்டேஷனுக்கு நடந்து போய், நாளைக்கு ரயில் போகுமா என்று கேட்டு, போகும் என்று சொன்னவரின் முகத்தில் அவ்வளவு நிச்சயம் தெரியவில்லையே என்று இன்னொருவரிடமும் கேட்டு, வீட்டுக்கு வந்து, அடுத்த நாள் காலையில் கதவைப் பூட்டினோமா என்று பாதி வழியில் திரும்பிப் போனதால் ரயிலைத் தவறவிட்டாரே, அவரைத் தெரியும்தானே? அவர்தான். அடையாள அட்டையைப் போட்டோக் கொப்பி எடுத்து, அந்தக் கொப்பிக்கும் ஒரு கொப்பி எடுத்து, இரண்டையும் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு, அசலைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தவரும் அவருடைய சொந்தக்காரர்தான். கெட்டவர்களா? சேச்சே. கெட்டவர்களாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நம் பாட்டுக்குப் போய்விடலாமே. நம்மேல் உள்ள அக்கறையினால் அல்லவா நம்மைச் சாகடிக்கிறார்கள்!

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் நீங்கள் பக்கத்து வீட்டுக்காரரை நினைத்துச் சிரித்துவிட்டுப் போய்விடுவீர்கள். ஆகவே ஒரே ஒருவரை எடுத்துக்கொள்வோம். செல்வநாயகி டீச்சர். முதல் நியமனத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து பதுளைக்கு வந்தவர். இரண்டே வருடத்தில் மாற்றம் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் மாற்றத்துக்கான விண்ணப்பத்தை எழுதி, எதற்கும் ஒருக்கா சரிபார்த்து, ஒரு சொல்லைத் திருத்தி, திருத்தியது அசிங்கமாகத் தெரிகிறதே என்று முழுவதையும் திரும்ப எழுதி, அதையும் சரிபார்த்து, முப்பத்தொரு வருடம் மனையியல் படிப்பித்து, இங்கேயே ஓய்வுபெற்றுவிட்டார். விண்ணப்பம் இன்னும் மேசை லாச்சியில் இருக்கிறது.

அவருக்குப் பக்கத்து வீடு ரிஸ்காவுடையது. கணவர் மஹ்ரூபுக்குப் பஜாரில் டோர்ச்சும் குடையும் விற்கிற கடை. ரிஸ்காவிடம் ஒரு தையல் மெஷின் இருந்தது. அதைவிடப் பெரிதாக ஒரு பெயரும் இருந்தது. தொடங்குவாள், முடிக்கமாட்டாள் என்ற பெயர். ஒற்றைக் கை மட்டும் பின்னிய ஸ்வெட்டர், மூன்று பக்கம் மட்டும் மடித்துத் தைத்த மேசை விரிப்பு, காது வைக்காத துணி முயல் என்று அலுமாரியின் அடித்தட்டில் ஒரு மியூசியமே கிடந்தது. கலியாண வீட்டில் பந்தல் பாதியில் நின்றாலும் சரி, யாராவது வீட்டு மதில் பாதியில் நின்றாலும் சரி, "ரிஸ்காட வேலை மாதிரி" என்று சொல்லிச் சிரிப்பது குடும்பத்தில் வழக்கமாகிவிட்டது. அவளும் சேர்ந்து சிரிப்பாள். வீட்டுக்கு வந்தபிறகு அழுவாள் என்பது மஹ்ரூபுக்கு மட்டும்தான் தெரியும்.

அப்படி இருக்கும்போதுதான் பண்டாரவளையில் கட்டிக்கொடுத்த தங்கை ஆதிலாவுக்கு மகன் பிறந்தான். டிசம்பர்க் குளிர். நாற்பதாம் நாள் சொந்தம் எல்லாம் அந்த வீட்டில் கூடும். அன்றைக்குப் பிள்ளைக்குத் தன் கையால் தைத்த போர்வை ஒன்றைப் போர்த்த வேண்டும், அதுவும் நாலு பக்கமும் மூடித் தைத்த முழுப் போர்வையாக, அத்தனை பேருடைய கண் முன்னாலும் போர்த்த வேண்டும் என்பது ரிஸ்காவின் ஆசை. பெரிய ஆசையா, சொல்லுங்கள்? டோஹாவில் வேலை செய்யும் தம்பி பஸீல் இதற்கென்றே ஒரு பெட்டி அனுப்பியிருந்தான். ஐந்து அங்குலச் சதுரமாக, இம்மி பிசகாமல் ஒரே அளவாக, விளிம்பைப் பல்லுப் பல்லாக வெட்டி, ரிப்பன் கட்டிய நாற்பத்திரண்டு பருத்தித் துண்டுகள். மேலே துண்டுகள், நடுவில் பஞ்சு, கீழே ஒரே துணி, சுற்றிவரத் தையல். அவ்வளவுதான் போர்வை. பெட்டி வந்த அன்று பிள்ளைக்குப் பன்னிரண்டு நாள். கையில் இருபத்தெட்டு நாள் இருந்தது. ஒரு கிழமையில் முடித்துவிடலாம் என்று ரிஸ்கா மெஷினுக்கு எண்ணெய் போட்டாள்.

எண்ணெய் மணம் மதிலைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். டீச்சர் வந்துவிட்டார்.

"என்ன பிள்ளை, தைக்கப் போறீரோ? நல்லது, நல்லது. நனைச்சுப் போட்டீரோ?"

"இல்ல டீச்சர். இது வெட்டியே வந்த துண்டு. அப்பிடியே தைக்கிறதாம்."

"ஆர் சொன்னது?"

"பெட்டியில எழுதி ஈக்கி, பாருங்க."

டீச்சர் கண்ணாடியைத் துடைத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து இன்னொரு தடவை துடைத்தார். பெட்டியின் அடியில், தைப்பதற்கு முன் இந்தத் துண்டுகளைக் கழுவ வேண்டாம் என்று மூன்று பாஷையில் பொடி எழுத்தில் எழுதியிருந்தது.

"இது கம்பனிக்காரன் தன்ர பாதுகாப்புக்குப் போடுறது," என்றார். "பச்சைப் பிள்ளையின்ர மேலில படப்போற துணி. சுருங்கினாப் பிறகு, சாயம் போனாப் பிறகு இருந்து அழுது என்ன பிரயோசனம்? நான் தடுக்கேல்லை, நீர் வடிவாத் தையும். ஆனா எதுக்கும் ஒருக்கா நனைச்சுப் பாப்பம்."

டீச்சரையும் குற்றம் சொல்ல முடியாது. மனையியல் கொப்பியில் தையல் பாடத்தின் முதல் வரியே "துணியை வெட்டுமுன் நனைத்து உலர்த்துக" என்பதுதான். முப்பத்தொரு வருடம் அந்த வரியைச் சொல்லி எழுதவைத்தார். பரீட்சையில் அதற்கு ஐந்து புள்ளி. கடையில் யார் கணக்கில் வெட்டி வாங்குகிற துணிக்கு அது சரியான வரியும்கூட. அதில் "வெட்டுமுன்" என்று ஒரு சொல் இருக்கிறது என்பதையும், தன் முன்னால் இருப்பவை ஏற்கெனவே வெட்டிய துண்டுகள் என்பதையும் மட்டும்தான் அவர் கவனிக்கவில்லை. டீச்சர் தன் வாழ்நாளில் ஒரு போர்வையாவது தைத்திருக்கிறாரா என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி! தைத்துக்கொண்டிருந்தால் தைப்பவர்களுக்கு யோசனை சொல்ல யாருக்கு நேரம் கிடைக்கும்?

முதலில் சாயப் பரிசோதனை. இருப்பதில் கடும் சிவப்பான துண்டை வெள்ளைக் கோப்பையில், இளஞ்சூட்டுத் தண்ணீரில், உப்புப் போட்டு ஒரு நாள் ஊற வைத்தார்கள். அடுத்த நாள் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

"பாத்தீரே? ஒரு மெல்லிய ரோஸ்!" என்றார் டீச்சர்.

ரிஸ்காவுக்குத் தெரியவில்லை. கடைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த மஹ்ரூபைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். "எனக்குத் தண்ணியாத்தான் வெளங்குது டீச்சர்," என்றான்.

"நீங்கள் எதுக்கும் ஒருக்கா கண்ணைக் காட்டுங்கோ தம்பி," என்றார் டீச்சர். மஹ்ரூப் குடையை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டான்.

உப்புக்குப் பிறகு வினாகிரி. வினாகிரிக்குப் பிறகு, குழாய்த் தண்ணீரில் மருந்து கலந்திருக்கும் என்று கூரைப் பீலியில் வாளி வைத்துப் பிடித்த மழைத் தண்ணீர். ஆறு நாள் இப்படியே போனது. ஏழாம் நாள் நாற்பத்திரண்டு துண்டும் ஒன்றாகப் பேசினுக்குள் இறங்கின.

சின்னத் துண்டைத் தண்ணீரில் போட்டு அலசினால் என்ன ஆகும் என்று தைக்கிற எவரும் சொல்வார்கள். விளிம்பு பிரிந்தது. பிரிந்த நூல் பக்கத்துத் துண்டின் நூலோடு உறவு கொண்டாடியது. கடைசியில் பேசினிலிருந்து வெளியே வந்தது பலநிற இடியாப்பம். அதைச் சிக்கெடுத்து, நூலை வெட்டி, ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தபோது ஒன்று சாய்சதுரம், ஒன்று நீள்சதுரம், ஒன்றுக்கு நிச்சயமாக ஐந்து மூலை.

"நல்ல காலம்!" என்றார் டீச்சர். "தைச்சாப் பிறகு இப்பிடிச் சுருங்கியிருந்தா என்ன செய்யிறது?"

இந்த இனத்தின் அழகே இதுதான். அவர்கள் கையால் வந்த சேதமே அவர்கள் சொன்னதற்கு அத்தாட்சியாகிவிடும்.

பிறகு மழை பிடித்தது. வெயில் என்ற ஒன்று இருந்ததையே ஊர் மறந்துபோகிற மழை. குசினியில் கொடி கட்டி, நாற்பத்திரண்டு கிளிப் மாட்டி, துண்டுகளைத் தொங்கவிட்டார்கள். காலையில் ஈரம், மாலையில் ஈரம். நாலாம் நாள் பூஞ்சண நாற்றம். ரிஸ்கா அயர்ன் பண்ணிக் காயவைக்கிறேன் என்றாள். ஈரத்தில் அயர்ன் பட்டால் இழுபடும் என்று டீச்சர் தடுத்தார், அதுவும் உண்மைதான். பிள்ளைக்கு இருபத்தைந்து நாள், இருபத்தெட்டு, முப்பது. பண்டாரவளையிலிருந்து ஆதிலா போன் எடுத்தாள். "ராத்தா, மாமி கேக்குறாங்க, போர்வை எந்த மட்டில ஈக்கின்னு." அக்காவை ராத்தா என்று கூப்பிடுகிற வாயில் கேலி இல்லை. பின்னால் மாமியார் ரஹ்மத்தும்மா, "பாதியில ஈக்கும்," என்று சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது.

முப்பத்துநாலாம் நாள் டீச்சருக்கு ஒரு யோசனை உதித்தது. இந்த யோசனை மலைநாட்டில் உள்ள ஒருவருக்குத்தான் வரும், வேறெங்கே உள்ளவருக்கும் வராது. தெமோதரைப் பக்கம் ஒரு தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், கொழுந்து வாட்டுகிற மேல்மாடியில், டீச்சர் படிப்பித்த அழகையா வேலை செய்கிறான். அங்கே பெரிய பெரிய நீளத் தொட்டிகள், தொட்டியில் வலைப் படுக்கை, வலைக்குக் கீழே ஆள் உயர மின்விசிறி. மலை மலையாகக் கொழுந்தை வாட்டுகிற காற்று நாற்பத்திரண்டு துண்டைக் காயவைக்காதா? ஈரத் துண்டுகளைச் சொப்பிங் பையில் போட்டுக்கொண்டு இருவரும் பஸ் ஏறினார்கள்.

அழகையா டீச்சரைக் கண்டதும் தலைக்கட்டை அவிழ்த்தான். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் மாறியது.

"டீச்சர், இது கொழுந்து வாட்டுற எடங்க. துணி காயப்போட்டது தெரிஞ்சா எங்க மேலாளு டீமேக்கர் நாளைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுல எல்லார் முன்னுக்கும் வச்சு என்னைய நாறடிச்சிருவாருங்க."

"ஒரு மூலையில தம்பி. பத்தே நிமிசம். எதுக்கும் ஒருக்கா போட்டுப் பாப்பம்."

ஒன்பதாம் வகுப்பில் பெயர் கூப்பிட்டு நிற்கவைத்த குரல். முப்பது வயதிலும் அதற்கு எதிராக வாய் வருமா? வெறும் தொட்டி ஒன்றின் ஓரத்தில் அழகையாவே துண்டுகளை வரிசையாகப் பரப்பினான். விசிறியைப் போட்டான். கொழுந்து கனமானது, அடுக்கடுக்காகக் கிடக்கும், காற்றுக்கு அசையாது. பருத்தித் துண்டுக்கு அந்தக் கவலை எல்லாம் இல்லை. பாதி காய்ந்ததுமே நாற்பத்திரண்டும் எழும்பிக் கூரைக்குப் போயின.

"அய்யய்யோ டீச்சர்!"

ரிஸ்கா ஒரு பக்கம் பாய்ந்தாள், அழகையா ஒரு பக்கம் பாய்ந்தான், டீச்சர் நடுவில் நின்று, "மெல்லமா, மெல்லமா, கிழிஞ்சிடும்," என்று யோசனை சொன்னார். நாற்பத்தொன்று கிடைத்தது. மிச்சம் ஒன்று, அந்த நேரம் பார்த்துக் கீழே தள்ளிக்கொண்டிருந்த பக்கத்துத் தொட்டிக் கொழுந்தில் விழுந்து, குழாய் வழியாகக் கொழுந்தை நசுக்கிச் சுருட்டுகிற ரோலருக்குப் போய்ச் சேர்ந்தது. அழகையா படியில் உருண்டடித்துக்கொண்டு இறங்கி, மெஷினை நிறுத்தி, கொழுந்துக்குள் கைவிட்டு அதைப் பிடுங்கி எடுத்தான். பச்சைச் சாறு சொட்டச் சொட்ட, சுருண்டு கிடந்தது. டீமேக்கர் சாப்பாட்டுக்குப் போயிருந்ததால் அழகையாவின் வேலை தப்பியது.

பஸ்ஸில் திரும்பி வருகிறபோதே அந்த ஒற்றைத் துண்டு தேயிலை புளிப்பதைப் போலப் பச்சையிலிருந்து செம்பு நிறத்துக்கும், செம்பிலிருந்து கபில நிறத்துக்கும் மாறிக்கொண்டே வந்தது. டீச்சர் பைக்குள் மூக்கை வைத்துப் பார்த்தார்.

"பிள்ளை, எல்லாத்திலயும் கொழுந்து மணக்குது. சின்னப் பிள்ளைக்குத் தும்மல் வரும். எதுக்கும் ஒருக்கா..."

ரிஸ்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் கோபப்பட்டதைப் பதுளையில் யாரும் கண்டதில்லை. அன்றைக்கும் காணவில்லை. பஜாரில் இறங்கி, போர்வையின் அடிப்பக்கத்துக்கு இரண்டு யார் சிவப்புத் துணி வாங்கினாள். நல்ல இரத்தச் சிவப்பு. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். வாசலில் கிடந்த செருப்பை உள்ளே எடுத்து வைத்தாள், வீட்டில் ஆள் இல்லை என்று தெரியட்டும் என்று. கோணல் துண்டுகளை எல்லாம் நாலு அங்குலமாகச் சதுரம் பிடித்து வெட்டினாள். கபிலத் துண்டையும் விடவில்லை. தைக்க உட்கார்ந்தாள்.

அடுத்த நாள் கதவு தட்டப்பட்டது.

"பிள்ளை! நீர் நேற்று வாங்கின அந்தச் சிவப்புத் துணி கட்டாயம் சாயம் விடும்! சுருங்கவும் சுருங்கும்! எதுக்கும் ஒருக்கா..."

ரிஸ்கா பெடலை ஓங்கி மிதித்தாள். மெஷின் தடதடவென்று கத்தியது. செருப்பை ஒளித்துவைத்து என்ன பயன், மெஷினை ஒளிக்க முடிந்ததா? டீச்சர் இன்னும் கொஞ்ச நேரம் வெளியே நின்று சொல்லிக்கொண்டிருந்தார். மெஷின் நிற்கவில்லை.

நாற்பதாம் நாள் பண்டாரவளையில் வீடு நிறைந்த சனம். ரிஸ்கா பையிலிருந்து போர்வையை எடுத்தாள். நாலு அங்குலமாகக் குறைந்ததில் அது பிள்ளையைக் கழுத்திலிருந்து கால் வரை மட்டுமட்டாகத்தான் மூடும். இருக்கட்டுமே. ரஹ்மத்தும்மா வாங்கினார். ஒரு பக்கம் தடவினார், இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம். நாலாம் பக்கத்துக்கு வந்தபோது சனம் பேச்சை நிறுத்தியது.

"நாலு பக்கமும் மூடித்தான் ஈக்கி," என்றார் ரஹ்மத்தும்மா, ஏதோ நம்பமுடியாத செய்தியைச் சொல்வதைப் போல. ஆதிலா எழும்பி வந்து ராத்தாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். ரிஸ்கா அன்றைக்கு எல்லோர் முன்னாலும் அழுதாள், வெட்கமே படாமல் அழுதாள். மஹ்ரூப் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய் மழையைப் பார்த்தான்.

மூன்றாம் நாள் போன் வந்தது.

"ராத்தா, புள்ள போர்வைய நனைச்சிட்டான்னு கழுவப் போட்டோம்."

"சரி?"

"மாமாட வெள்ளை ஜுப்பாவும் அதே வாளியில கெடந்திச்சி. மாமா இன்டைக்கி ஜும்மாவுக்கு ரோஸ் கலர்ல போய்ட்டு வந்தாரு."

சிவப்பு ஓடிவிட்டது. ஏற்கெனவே கழுவிய துண்டுகள் இருந்தபடி இருக்க, கழுவாத அடித்துணி சுருங்கிச் சுருங்கி, போர்வை முழுவதும் பொரித்த அப்பளமாகக் குமிழ் விட்டிருந்தது. எல்லாத் துண்டிலும் ரோஸ் ஏறியிருந்தது, ரோலருக்குள் போய் வந்த அந்தக் கபிலத் துண்டைத் தவிர. பிள்ளையின் கால் இரண்டும் கூட இரண்டு நாளைக்கு ரோஸாகத்தான் இருந்தன.

செய்தி மதிலைத் தாண்டியது. டீச்சர் வந்தார். இந்த முறை குரல் கொஞ்சம் தாழ்ந்திருந்தது.

"நான் கதவுக்கு வெளியால நிண்டு சொன்னனான் பிள்ளை."

"கேட்டிச்சி டீச்சர்," என்றாள் ரிஸ்கா. "நாப்பது தரம் தேவையில்லாததைக் கேட்டதால, தேவையான ஒன்டைக் கேக்க எனக்குக் காது மிச்சமில்லை."

டீச்சர் வாயைத் திறந்தார். மூடினார். அவருடைய வாழ்க்கையில் ஒரு வசனத்தைத் தொடங்காமலே விட்டது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். ரிஸ்கா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். இப்போதெல்லாம் குடும்பத்தில் ஏதாவது சுருங்கினால் "ரிஸ்காட போர்வை மாதிரி" என்கிறார்கள். அதைக் கேட்டு அவள் வீட்டுக்கு வந்து அழுவதில்லை. சுருங்குவதற்கு முதலில் ஒரு போர்வை இருந்திருக்க வேண்டுமே! அலுமாரியின் அடித்தட்டிலிருந்து முயலை எடுத்து, இரண்டு காதும் வைத்துவிட்டாள்.

கதை இவ்வளவுதான். பாவம் ரிஸ்கா, சரியான ஆள் இந்த டீச்சர் என்று சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள், இல்லையா? நல்லது. ஒரே ஒரு கேள்வி. நாற்பத்திரண்டு துண்டும் பேசினுக்குள் இறங்கினபோது, "தலையணை உறைக்குள் போட்டுக் கழுவியிருக்கலாமே" என்று உங்களுக்குத் தோன்றியதா? பஜாரில் இரத்தச் சிவப்புத் துணி வாங்கினாள் என்ற இடத்தில், "ஐயோ, அதை நனைத்துவிட்டுத் தைக்கச் சொல்லுங்களேன்" என்று உங்கள் வாய் முணுமுணுத்ததா? மறைக்க வேண்டாம், முணுமுணுத்தது. அப்படியானால் வாருங்கள், டீச்சருக்குப் பக்கத்தில் ஒரு கதிரை காலியாகத்தான் கிடக்கிறது. அதில் தூசி இல்லை, இப்போதுதான் துடைத்தது. ஆனாலும் உட்காருமுன் நீங்கள் கையால் தட்டிப் பார்ப்பீர்கள், எதுக்கும் ஒருக்கா.